நாலாவது தீராந்தி

உடுப்பிட்டியில் நிரோஜாவின் பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் செய்கிற வேலை, பலகையை நகத்தால் கீறிப் பார்ப்பதுதான். கீறினால் கோடு விழும். அதைக் கண்டதும் முகத்தைச் சுளித்து, இது சாமான் பெட்டி அடிக்கிற பலகையெல்லோ என்பார்கள். முதிரை, பாலை, வேம்பு என்று வைர மரங்களில் பழகிய ஊர் அது. நாலு பேர் சேர்ந்து தூக்கினால்தான் அலுமாரி என்று நம்புகிற ஊர். நிரோஜா கோபிக்க மாட்டாள். ஓம், அதே பலகைதான் என்று ஒத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் பைன் அலுமாரியை ஒற்றை ஆளாக நகர்த்திக் காட்டுவாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. சண்டை முடிந்து முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. நிவாரணச் சாமான்கள் வந்திறங்கிய மரத்தட்டுகள் ஊரெல்லாம் குவிந்து கிடந்த காலம். தொண்டு நிறுவனம் ஒன்று பன்னிரண்டு பெண்களுக்குத் தச்சுவேலை பழக்கியது. பழகுவதற்கு அந்தத் தட்டுகளைத்தான் கழற்றிக் கொடுத்தது. மற்றப் பதினொரு பேரும் கலியாணம், தையல், வெளிநாடு என்று பிரிந்து போனார்கள். நிரோஜா மட்டும் சீவுளியை விடவில்லை. தட்டு தீர்ந்தபின் கொழும்பிலிருந்து லொறியில் வரும் பைன் மரத்தை வாங்கத் தொடங்கினாள். கணவன் றயன் பஸ் ஓட்டினான். அவள் மரம் அறுத்தாள். பதினான்கு வருசம் அப்படியே ஓடியது.

பைனைப் பற்றி அவள் யாரிடமும் கூட்டிச் சொன்னதில்லை. பாரமில்லாத மரம். ஆணி அடித்தால் லேசில் பிளக்காது. உளிக்கு வெண்ணெய் மாதிரி வழிவிடும். மேசைக்கும் கட்டிலுக்கும் புத்தகத் தட்டுக்கும் சீலிங்குக்கும் அதைப் போலத் தோதான பலகை இல்லை. ஆனால் தண்ணீரைக் கண்டால் குடிக்கும். கறையானுக்கு அது கலியாணச் சாப்பாடு. மருந்து ஏற்றிக் காயவைத்த மரமாக இல்லாவிட்டால் கூரைப் பக்கமே கொண்டு போகக் கூடாது. குளியலறைக் கதவுக்குப் பைன் கேட்டு வந்தவர்களை அவள் வேறு தச்சரிடம் அனுப்பியிருக்கிறாள். மரத்தில் குறையில்லை, மரத்தை இருக்கக்கூடாத இடத்தில் இருத்துகிறவர்களில்தான் குறை என்பது அவளுடைய கட்சி.

அந்தக் கட்சிக்குத்தான் போன வருசம் சோதனை வந்தது.

அவளுடைய பட்டறையிலிருந்து மூன்று மைல் தூரத்தில், மிசன் காலத்தில் கட்டிய பெண்பிள்ளைகள் விடுதி ஒன்று இருந்தது. அதன் சாப்பாட்டு மண்டபத்துக் கூரையைத் தாங்கிய பனந் தீராந்திகள், சுவரிலிருந்து சுவருக்குக் குறுக்கே போகும் அந்தப் பெரிய உத்திரங்கள், தலைமாட்டில் இற்றுப்போயிருந்தன. கூரையைக் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும். விடுதிப் பொறுப்பாளர் றோஸ் மிஸ் நிரோஜாவைக் கூப்பிட்டார். நிர்வாகக் குழுச் செயலாளர் ஏர்னெஸ்ட் சேர், இளைப்பாறிய கணித ஆசிரியர், இரும்புதான் போட வேண்டும் என்று நின்றார்.

குழுவின் முன்னால் நிரோஜா நின்றுகொண்டே கதைத்தாள். கடற்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்றாள். சுவர் நூறு வருசத்துச் சுண்ணாம்புக் கல், முருகைக்கல். அதன் தலையில் பாரத்தை ஏற்றக் கூடாது. பனையின் பாதிப் பாரம்கூட இல்லாத பைன் தீராந்தி அந்தச் சுவருக்குத் தோது என்றாள். நீளம், தடிப்பு, எத்தனை அடிக்கு ஒன்று என்று ஒரு பொறியியலாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்து வைத்த தாளையும் நீட்டினாள். ஏர்னெஸ்ட் சேர் தாளை இரண்டு முறை படித்தார். பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"முறிஞ்சால் ஆர் பொறுப்பு?"

"நான்தான் சேர்," என்றாள் நிரோஜா.

ஆறு தீராந்திகள் வந்திறங்கின. லொறியிலிருந்து இறக்க இறக்க அவள் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தாள். ஒன்றில் கை நின்றது. நடுப்பகுதியில், ஒரு விளிம்போடு ஒட்டி, எலுமிச்சம்பழ அளவில் கரிய கணு ஒன்று இருந்தது. முன்பு கிளை நின்ற இடம். அந்த இடத்தில் நார் நேராக ஓடாது, கணுவைச் சுற்றிக்கொண்டு போகும். பாரம் ஏறும்போது தீராந்தியின் மேல்விளிம்பு நசுங்கும், கீழ்விளிம்பு இழுபடும். நசுங்குவதைக் கணு பொறுக்கும். இழுத்தால் பொறுக்காது. இதைக் கூரைக்கு விடுவதில்லை, துண்டாக அறுத்து மேசைக்கால் ஆக்கலாம், லொறிக்காரனிடம் மாற்று மரம் கேட்கலாம் என்று நினைத்தபடி, அடையாளம் போட வெண்கட்டியை எடுக்கச் சட்டைப் பைக்குள் கைவிட்டாள். அப்போதுதான் தொலைபேசி அடித்தது. அம்மா மார்கிரட் மூச்செடுக்க முடியாமல் விழுந்துவிட்டார் என்று அடுத்த வீட்டுக்காரி சொன்னாள். நிரோஜா வெண்கட்டியைப் பையிலேயே விட்டுவிட்டு, றயனையும் எதிர்பார்க்காமல் ஓட்டோ பிடித்து ஓடினாள்.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் கழிந்தது. அம்மா பிழைத்தார். பத்தாம் நாள் அவள் திரும்பியபோது ஆறு தீராந்தியும் ஏறி, கைமரமும் சட்டமும் அடித்து, பாதி ஓடும் போட்டாயிற்று. அவளுடன் எட்டு வருசமாக வேலை செய்கிற கஜீவன் ஒரு நாள்கூட வீணாக்கவில்லை. கட்டிலருகே விழித்திருந்த களைப்பில் அவளுக்குக் கணுவின் நினைவே வரவில்லை. மேலே அண்ணாந்து பார்த்து, நல்லாச் செய்திருக்கிறாய் என்று அவனைப் புகழ்ந்தாள்.

ஆறு மாதம் போனது. மண்டபம் தேன் நிறத்தில் மினுங்கியது. பிள்ளைகள் அங்கேயே இருந்து படிக்கத் தொடங்கினார்கள். கார்த்திகை வந்தது. ஐந்து நாள் விடாத மழை.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை, விடுதியில் பழைய மாணவிகளுக்குத் தேநீர் விருந்து. நாலு மணிக்கு அறுபது பேர் வருவதாக இருந்தது. மூன்றுக்குச் சற்று முந்தி நிரோஜாவும் கஜீவனும் புதிதாகச் செய்த இரண்டு புத்தகத் தட்டுகளை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். உள்ளே பிள்ளைகள் பதினைந்து இருபது பேர் கதிரைகளை நிரையாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மேசைவிரிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். ஏர்னெஸ்ட் சேர் வாசலில் நின்று வருகிறவர்களின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டைச் சுவரோடு சாத்தும்போது நிரோஜாவின் காதில் ஒரு சத்தம் விழுந்தது. நகம் சுண்டினதுபோல, ஒரேயொரு தடவை. மழைச் சத்தத்துக்குள் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. புது மரம் சில வேளை அப்படிச் சொடுக்கும். அவள் தலையை நிமிர்த்தினாள்.

முதல் மூன்று தீராந்தியும் நூல் பிடித்ததுபோல நின்றன. நாலாவது நடுவில் சற்றுத் தொய்ந்திருந்தது. தொய்ந்த இடத்தில், கீழ்விளிம்பில், அந்தக் கரிய கணு. அதிலிருந்து மயிர்போன்ற ஒரு வெடிப்பு, ஒரு சாண் நீளத்துக்குச் சரிந்து மேலே போயிருந்தது.

லொறி, வெண்கட்டி, தொலைபேசி எல்லாம் ஒன்றாக அவள் நினைவில் வந்து நின்றன. என்ன நடந்தது என்பதும் கையோடு விளங்கிவிட்டது. எந்த நீள மரத்திலும் மெல்லிய வளைவு இருக்கும். அந்த வளைவு மேலே பார்க்கத்தான் தீராந்தியை ஏற்ற வேண்டும், அப்போதுதான் ஓட்டுப் பாரத்தில் அது நேராகும். கஜீவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அவன் சொன்னபடியே செய்தான். வளைவு மேலே போக, கணு கீழே வந்துவிட்டது. ஐந்து நாள் மழையில் ஓடுகள் தண்ணீர் குடித்துப் பாரமாகிவிட்டன. ஈரம் குடித்த மரம் இளகிவிட்டது.

அதன் நேர்கீழே நாலு பிள்ளைகள் கதிரை அடுக்கினார்கள்.

அந்த இடத்தில் நிரோஜா செய்த காரியத்தை அவளே பிறகு வெட்கப்பட்டுத்தான் சொன்னாள். உண்மை வாயில் வரவில்லை. ஏர்னெஸ்ட் சேர் பத்தடி தூரத்தில் நிற்கிறார். பதினான்கு வருசமாகப் பெட்டிப் பலகை என்று சிரித்த ஊர் முழுவதும் அவருக்குப் பின்னால் நிற்பதுபோல அவளுக்குத் தோன்றியது. எப்படியாவது எல்லோரையும் வெளியே எடுத்தால் போதும், காரணம் பிறகு பார்க்கலாம். றோஸ் மிஸ்ஸிடம் போய், கூரை ஒழுகுகிறது, விருந்தை விறாந்தைக்கு மாற்றினால் நல்லது என்றாள்.

றோஸ் மிஸ் மேலே பார்த்தார். எங்கே ஒழுகுகிறது என்று கேட்டார். நடுவிலே என்றாள் நிரோஜா. றோஸ் மிஸ் சற்றும் பதறவில்லை. இந்த மழைக்கு ஒழுகாத வீடு உண்டோ என்று சொல்லி, இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு, குசினியிலிருந்து வாளி கொண்டுவந்து நடுவிலே வைக்கச் சொன்னார். பிள்ளைகள் ஓடிப் போய் வாளியோடு வந்து, நாலாவது தீராந்திக்குக் கீழே மண்டியிட்டு, எந்த இடத்தில் துளி விழுகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடியும் சொடுக்கியது. இந்த முறை இரண்டு தடவை.

நிரோஜா வாசலுக்கு நடந்தாள். ஏர்னெஸ்ட் சேருக்கு முன்னால் போய் நின்றாள்.

"சேர், ஒழுக்கில்லை. நான் பொய் சொன்னனான். நாலாவது தீராந்தி முறியப் போகுது. கணு இருந்த மரம், நான் கண்டும் அடையாளம் போடாமல் விட்டிட்டன். பிள்ளையளை வெளியிலை எடுங்கோ. ஓடவிடாதேங்கோ, நிலம் அதிரக்கூடாது."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். வகுப்பில் கதைப்பதுபோன்ற சாதாரணக் குரலில், கதிரைகளை அப்படியே விட்டுவிட்டு, சுவரோரமாக நடந்து, ஒருவர் பின் ஒருவராக விறாந்தைக்கு வரும்படி பிள்ளைகளுக்குச் சொன்னார். வாளி வைத்த பிள்ளைகள் இருவரும் கடைசியாக வந்தார்கள். றோஸ் மிஸ் வாசலில் நின்று தலைகளை எண்ணினார், ஒருத்தி குறைந்தாள். சற்றுப் பொறுத்து அவள் குசினிப் பக்கத்திலிருந்து கோப்பைத் தட்டோடு வந்தாள்.

மண்டபம் வெறிச்சென்று ஆனது. அப்படியே விட்டுவிட்டு நிற்கலாமா என்று கஜீவன் கேட்டான். நிரோஜா தலையாட்டி மறுத்தாள். நாலாவது தனியாக விழாது. அது போனால் மூன்றிலும் ஐந்திலும் கைமரங்களின் இழுவை போய்ச் சேரும்; சுவரின் தலையும் சேர்ந்து வரும். சுவருக்கு மற்றப் பக்கத்தில்தான் இப்போது பிள்ளைகள் நிற்கிறார்கள். மழைக்குள் அவர்களை வேறெங்கே அனுப்புவது? முட்டுக் கொடுக்க வேண்டும்.

முட்டுக்கு மரம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. கழற்றிய பழைய பனந் தீராந்திகள் குசினிக்குப் பின்னால் தகரத்தின்கீழ் கிடந்தன. தலைமாடு இற்றிருந்தாலும் நடுப்பாகம் கல்லுப்போல இருந்தது. நிரோஜா உயரத்தை அளந்தாள். இரண்டு அங்குலம் குறைத்து அறுக்கச் சொன்னாள். மிச்சத்தை ஆப்பு நிரப்பும். கஜீவன் மழையில் நனைந்தபடியே அறுத்தான். வைரம் பாய்ந்த பனையில் வாள் லேசில் இறங்கவில்லை. இரண்டு முட்டு அறுக்க இருபது நிமிடம் பிடித்தது. அந்த இருபது நிமிடமும் நிரோஜா வாசலில் நின்று வெடிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு சாணாக இருந்தது ஒன்றரைச் சாணாகியது.

முதல் முட்டை இருவருமாகக் கொண்டுபோய்க் கணுவுக்கு இரண்டடி இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். பனை பாரம். ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், ஒருவர் ஏணியில் நின்று தலைமாட்டை இருத்த வேண்டும், அடியில் ஆப்பு அடிக்க இன்னொருவர் வேண்டும். மூன்றாவது ஆளில்லை. கஜீவன் தோள் கொடுத்தான், நிரோஜா ஏணியில் ஏறினாள், அடிப்பக்கம் வழுக்கியது. அப்போது யாரோ குனிந்து முட்டின் அடியை இரண்டு கையாலும் பற்றியது தெரிந்தது. ஏர்னெஸ்ட் சேர். அறுபத்தெட்டு வயது, வெள்ளைச் சட்டை, விருந்துக்குப் போட்ட சப்பாத்து.

"சேர், நீங்கள் வெளியிலை போங்கோ," என்றாள் நிரோஜா.

"ஆப்பு எங்கை?" என்று மட்டும் கேட்டார் அவர்.

அடித்தார்கள். ஓங்கி அடிக்க முடியாது, மரம் அதிரும். சின்னச் சின்ன அடியாக, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. முட்டு இறுகியது. ஏணியிலிருந்து நிரோஜாவுக்கு வெடிப்பின் உட்பக்கம் தெரிந்தது. பச்சைப் பிசின் வாசம் வந்தது. மரத்தின் நார்கள் ஒவ்வொன்றாக விடுகிற சத்தம், அரிசி பொரிவதுபோல, காதோடு கேட்டது. செபம் சொல்ல நினைத்தாள். முதல் வரிக்கு மேல் வரவில்லை.

இரண்டாவது முட்டு கணுவுக்கு மற்றப் பக்கம். அதை நிறுத்தி, தலைமாடு தொட்டு, ஆப்பு பாதி உள்ளே போயிருக்கும். துவக்குச் சூடுபோல ஒரு வெடி. தீராந்தி கணுவோடு முறிந்தது. இரண்டு பாதியும் ஒரு அங்குலம் இறங்கி, முட்டுகளின் தலையில் குந்தி நின்றன. கூரை முழுவதும் ஒரு தடவை முனகியது. மேலே ஓடுகள் சறுக்கின. நாலைந்து உள்ளே விழுந்து, ஒன்று கஜீவனின் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. ஏர்னெஸ்ட் சேர் ஆப்பை விடாமல் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நிரோஜா ஏணியில் அசையாமல் நின்றாள். மூன்று பேரும் அப்படியே நின்று கேட்டார்கள். முனகல் நின்றது. ஓடு விழுந்த ஓட்டையால் மழை உள்ளே பெய்தது. வேறொன்றும் விழவில்லை.

வெளியே பிள்ளைகள் அழுதார்கள். விருந்து நடக்கவில்லை, வந்த வான்களை றோஸ் மிஸ் வாசற்படலையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்.

கஜீவனின் தோளுக்கு ஏழு தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் அவன், தான்தானே அதைத் தலைகீழாய் ஏற்றினது, அக்கா ஏன் தன் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டான். நீ ஏற்றினது சரி என்றாள் அவள். நான் சொல்லாமல் விட்டதை நீ எப்படி அறிவாய் என்றாள். எட்டு வருசத்தில் முதல் தடவையாக அவர்களுக்கிடையில் ஒரு கூச்சம் வந்து குந்தியது. அது போக மாதங்கள் எடுத்தன.

அடுத்த கிழமை குழு கூடியது. நிரோஜா மறுபடியும் நின்றாள். ஒருவர் கூரை முழுவதையும் கழற்றி இரும்பு போட வேண்டும் என்றார். ஒருவர் அவளைப் பொலிசில் கொடுக்க வேண்டும் என்றார். ஏர்னெஸ்ட் சேர் எல்லோரையும் கதைக்கவிட்டு, கடைசியில் அவளிடம் கேட்டார்.

"மற்ற அஞ்சும் எப்பிடி?"

"ரெண்டு நாள் ஏணி வைச்சு, ஒவ்வொரு சாணாய்த் தடவிப் பாத்திட்டன் சேர். அஞ்சும் நல்லம். ஆனால் என்ரை சொல்லை நம்பாதேங்கோ. வேறை ஆளைக் கொண்டுவந்து பாருங்கோ."

வேறு ஆள் வந்தார். ஐந்தும் சரி என்று எழுதிக்கொடுத்தார். பைன் கூரை நின்றது. புதிய நாலாவது தீராந்தியை நிரோஜாவே ஏற்றிக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அவளுக்கென்று பேசிவைத்திருந்த நூலகக் கட்டட வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். ஏர்னெஸ்ட் சேரும் அதற்குக் கைதூக்கினார். அவள் கோபப்படவில்லை. தன் பிள்ளைகள் படிக்கும் இடமென்றால் தானும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று றயனிடம் சொன்னாள்.

ஊருக்குள் கதை வேறு மாதிரிப் போயிற்று. பைன் முறிந்து விழுந்ததாம் என்றுதான் சந்தையில் கதைத்தார்கள். நீர்வேலியில் சீலிங் அடிக்கச் சொன்ன வீட்டுக்காரர் வேண்டாம் என்று தகவல் அனுப்பினார். அலுமாரி கேட்டிருந்த இன்னொருவர் வரவேயில்லை. மரத்தில் பிழையில்லை, கணுவைக் கண்டவளில்தான் பிழை என்று அவள் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு முதிரை வாங்கினார்கள்.

மார்கழியில் புதிய தீராந்தி ஏறியது. அதற்காக அவள் கொழும்புக்கே போய், முப்பது மரத்தைப் புரட்டி ஒன்றை எடுத்தாள். வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலய ஆராதனைக்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கும்படி றோஸ் மிஸ் சொன்னார். மண்டபத்துக்குள் போனபோதுதான் நிரோஜா கண்டாள்: பிள்ளைகள் எல்லோரும் இரண்டு முனைகளிலும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடு மேசை வெறுமையாய்க் கிடந்தது. புது மரம் போட்டபின்னும் அதன் கீழே இருக்க ஒருத்தியும் வரவில்லை; தான் கட்டாயப்படுத்தவுமில்லை என்றார் றோஸ் மிஸ்.

நிரோஜா சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் நடு மேசையின் வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். வெளியே மழை பிடித்தது. ஓட்டில் தண்ணீர் இரைந்தது. சோற்றைப் பிசைந்தாள். கை சாப்பிட்டது, காது மேலேயே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கவளத்தையும் விழுங்குமுன் அவள் ஒரு கணம் பொறுத்துத்தான் விழுங்கினாள்.

பாதிச் சாப்பாட்டில் ஒரு பிள்ளை கோப்பையோடு எழுந்து வந்தாள். வினோஜா என்று பெயர், அன்று வாளி வைத்தவர்களில் ஒருத்தி. எதிரே இருக்காமல், நிரோஜாவின் பக்கத்திலேயே ஒட்டி இருந்துகொண்டாள். கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள்.

"அன்ரி, உங்களுக்குப் பயமில்லையே?"

"இருக்கு," என்றாள் நிரோஜா. "சாப்பிடு."